செபஸ்தியம்மாள் நிற்கிற பலகை

எங்கள் வீட்டு அடுப்படித் தரையில் முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம். நான் பண்ணியிருக்கிறேன். குளியலறைக் கண்ணாடி உடைந்த அன்றைக்கு ஒரு கிண்ணம் தண்ணீரோடு அங்கே உட்கார்ந்து, குனிந்து, தாடை வரைக்கும் சுத்தமாக முடித்துவிட்டு எழுந்தேன். ராயப்பன்பட்டியில் அந்த மாதிரி டைல்ஸ் அன்றைக்கு வேறு எந்த வீட்டிலும் கிடையாது. மதுரைக்குப் போய் நானே பார்த்து எடுத்தது. வீடு மந்திரிக்க வந்த பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுக் கீழே பார்த்து, தரையிலும் ஒரு சாமியார் நிற்கிறாரே என்றார். பத்து வருஷமாக அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை அந்தத் தரையில் என் சம்சாரம் செபஸ்தியம்மாள் விழுந்தாள். சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சி ஒரு கரண்டி அளவு சிந்தியிருக்கிறது. அதில் வலது கால் போய்விட்டது. நான் அப்போது கொல்லையில் ஷெட்டுக்குள் என் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். அவள் மல்லாந்து கிடந்தபடியே, "மொதல்ல அடுப்ப அணைங்க" என்றாள். அணைத்தேன். அதற்குப் பிறகுதான் இடுப்பு ஒடிந்த விஷயத்தைச் சொன்னாள்.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆகவே கொஞ்சம் பின்னால் போகிறேன்.

செபஸ்தியம்மாள் பிறந்தது மேகமலையில், தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில். அப்பன், ஆத்தா இரண்டு பேரும் கொழுந்து பறித்தவர்கள். இவள் எட்டாவது வரைக்கும் படித்தாள். நான் மூன்றாவது, அதிலும் பாதி. எட்டாவது முடித்துக் கொஞ்ச காலம் சும்மா இருந்துவிட்டு, எஸ்டேட் ஃபாக்டரியில் மேல்மாடியில் இலை பரப்புகிற வேலைக்குப் போனாள். பச்சை இலையை அங்கே வாடப் போடுவார்கள். மேல்மாடி முழுக்கப் பலகைத் தரை. மழையில் நனைந்த கால்களோடு நாள் முழுக்க அதன்மேல் நடந்தவள். மலைச்சரிவு, அட்டை, வழுக்குப்பாறை எல்லாவற்றையும் வெறுங்காலில் பார்த்தவள். அவள் எங்கேயும் விழுந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. விழுந்தது என் டைல்ஸில்தான்.

என்னைக் கட்டிக்கொண்டு அவள் சின்னமனூருக்கு இறங்கி வந்தபோது நான் மார்க்கெட்டில் சுமை தூக்கிக்கொண்டிருந்தேன். தூக்குவதில் என்னை அடிக்க ஆள் இல்லை. நூறு கிலோ மூட்டையை ஒரே மூச்சில் லாரி மேல் ஏற்றுவேன். இன்றைக்கும் அங்கே விசாரித்துப் பார்க்கலாம். விவரம் தெரிந்தவர்கள் பாதிப்பேர் செத்துப்போனார்கள், மீதிப்பேர் சொல்வார்கள். செபஸ்தியம்மாள் ஒரே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துக்கொண்டு பன்னிரண்டு லோடுமேன்களுக்கு மூன்று வேளையும் சோறு போட்டாள். சாப்பிட்டவர்கள் எல்லாரும் என் பேச்சைக் கேட்டார்கள். அப்படித்தான் நான் மேஸ்திரி ஆனேன். என் திறமையால் ஆனேன் என்றே நான் எல்லாரிடமும் சொல்வது. அதிலும் பொய் இல்லை.

பிறகு லாரி வாங்கினேன். சேஸிஸ் பழையது, பாடி புதுசு. தேனியில் ராக்கையாவின் அப்பாதான் பாடி கட்டினார். ராக்கையா அப்போது சின்னப் பையன், ஆணி எடுத்துக் கொடுத்தான். தளத்துக்கு மட்டும் வேங்கைப் பலகை போடச் சொன்னேன். அந்தக் காலத்தில் அது பெரிய செலவு. ஏன் இப்படிச் செலவழிக்கிறாய் என்று கேட்டார்கள். வாழைத்தாரும் திராட்சைப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக இருபத்திரண்டு வருஷம் கேரளாவுக்கு ஓட்டினேன். ஒரு பலகைகூட மாற்றவில்லை. கேட்டவர்களின் லாரியெல்லாம் விறகாகப் போயிற்று. அப்புறம் இரண்டாவது லாரி, மூன்றாவது லாரி. வயசானதும் மற்ற இரண்டையும் விற்றேன். முதல் லாரியை விற்கவில்லை. கொல்லையில் ஷெட் போட்டு நிறுத்தியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிற யாரும் அதைப் பார்க்காமல் போக முடியாது. காப்பியே அங்கேதான் கொடுப்பேன்.

இனி இடுப்புக்கு வருகிறேன்.

தேனி ஆஸ்பத்திரியில் தகடு வைத்து ஸ்குரு முடுக்கினார்கள். வீட்டுக்கு அனுப்புகிறபோது டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். வாக்கர் பிடித்து நடக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயும் ரப்பர் அடி வைத்த செருப்புப் போட வேண்டும். போடாவிட்டால் அடுப்படிப் பக்கம் போகவே கூடாது. செருப்புக் கடையில் இருந்ததிலேயே உசந்ததாக வாங்கினேன். செபஸ்தியம்மாள் அதைப் போட்டுக்கொண்டு பெரிய அறையில் நடந்தாள், குளியலறைக்குப் போனாள். அடுப்படி நிலைவாசலில் வந்து நின்றாள். அதற்கு மேல் நகரவில்லை.

"அரிசி களையிற எடத்துல செருப்புக் காலோட நிக்க மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னது. நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஊரிலே அவனவன் செருப்போடு கோயில் மண்டபம் வரைக்கும் போகிறான் என்றேன். அவள் சண்டை போடுகிற ஆள் இல்லை. நிலைவாசலில் ஒரு நாற்காலி போடச் சொன்னாள். அங்கே உட்கார்ந்து நான் சமைப்பதைப் பார்த்தாள். உப்பு, இப்போது புளி, தீயைக் குறைங்க, மூடாதீங்க. மூன்று மாதம் நான் சமைத்தேன். நன்றாகவே சமைத்தேன். அவள் பாதிச் சோற்றைத் தட்டில் வைத்துவிடுவாள். மருந்தினால் பசி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ரப்பர் பாய் வாங்கிப் போட்டேன். வாக்கரின் கால் அதன் விளிம்பில் மாட்டியது, எடுத்துவிட்டேன். சொரசொரப்பான டைல்ஸ் ஒட்டலாம் என்று கொத்தனார் சொன்னார். எந்த டைல்ஸாக இருந்தாலும் வெறுங்காலில் நின்றால் குளிர் இடுப்புத் தகட்டில் ஏறுகிறது என்றாள் இவள்.

எங்கள் மகள் இவாஞ்சலின் கோயம்புத்தூரில் டீச்சர். ஒரே மகள். அவள் போனில் தீர்ப்பே எழுதிவிட்டாள். ஈஸ்டருக்கு வருவாளாம். அதற்குள் அம்மா தன் அடுப்படியில் தானாக நின்று ஒரு வேளை சமைக்க முடிந்தால் இங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாளாம். அங்கே மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, சமைக்க ஆள் உண்டு. என்னையும் கூப்பிட்டாள். நான் ஒரு தடவை அங்கே போய் இரண்டு நாள் இருந்திருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் நான் யார் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

செபஸ்தியம்மாளைக் கேட்டேன். போக இஷ்டமா?

"அங்கன போனா நான் பார்சல்தான். எறக்கி வச்ச எடத்துல இருக்கணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பலகைத் தரையின்னா நான் நிப்பேன்" என்றாள்.

பலகைத் தரையா, அது என்ன பெரிய விஷயம், முப்பது வருஷம் மரத்தின் மேல் நின்று பிழைத்தவன் நான் என்று மறுநாளே தேனிக்குப் பஸ் ஏறினேன்.

கடையில் ஒரு பையன் டை கட்டிக்கொண்டு நின்றான். தேக்கு காட்டினான். எங்கள் அடுப்படி பத்துக்குப் பன்னிரண்டு. அவன் கால்குலேட்டரில் தட்டிக் காட்டிய தொகைக்கு எங்கள் தெருவில் ஒரு காலத்தில் வீடே வாங்கலாம். அதை அவனிடம் சொன்னேன். அவன் லேமினேட் காட்டினான். மரத்தூளை அமுக்கி, மேலே மரத்தைப் போட்டோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பிறகு வினைல். அது பிளாஸ்டிக், ஆனால் மரம் மாதிரி வரி ஓடுகிறது. விலை கைக்கு அடக்கம். எதற்கும் நான் தெரியாத மாதிரி முகத்தைக் காட்டவில்லை. எல்லாவற்றிலும் ஒரு துண்டு சாம்பிள் கேட்டேன். தேவாரம் ரோட்டில் ஒரு மரமில்லில் சில்வர் ஓக் பலகை ஒன்று வாங்கினேன். ஏலத்தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற மரம், மலிவு.

சாம்பிள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து நான் வைத்த பரீட்சையை எந்த இன்ஜினியரும் வைக்க மாட்டான். முதலில் எல்லாத் துண்டையும் மாட்டுத்தொட்டித் தண்ணீரில் எட்டு நாள் ஊறப்போட்டேன். எங்கள் வீட்டு அடுப்படியைச் சனிக்கிழமை தோறும் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவோம். ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று கடைப்பையன் சொன்னான். அவன் வீட்டில் துடைக்கட்டும். எட்டாம் நாள் பார்த்தால் லேமினேட் ஆப்பம் மாதிரி உப்பியிருந்தது. மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போயிற்று.

இரண்டாவது பரீட்சை கஞ்சி. அவளைத் தள்ளியது கஞ்சிதானே. அன்றன்றைக்கு வடிக்கிற கஞ்சியைச் சூடாக எடுத்து, சாம்பிள் மேல் ஒரு கரண்டி ஊற்றி, அதில் வெறுங்காலை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். வினைலுக்கு நானே நின்றேன். நான் விழவில்லை, உட்கார்ந்தேன். உட்கார்ந்தது கொஞ்சம் வேகமாக இருந்தது. செபஸ்தியம்மாள் நாற்காலியிலிருந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியில பக்கத்துப் பெட்டு காலியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

தேக்கு விலையிலேயே தோற்றுவிட்டது, மீதி இருந்தது சில்வர் ஓக். தண்ணீரில் கொஞ்சம் வளைந்ததே தவிர வேறு சேதம் இல்லை. அறுப்பு வாய் சொரசொரப்பாக இருந்ததால் கஞ்சிக்கும் நின்றது. இதுதான் என்று முடிவு பண்ணி, ராக்கையாவை வரச் சொன்னேன். ராக்கையாவுக்கு இப்போது ஐம்பது வயசு இருக்கும், அப்பாவுக்குப் பிறகு லாரிப் பட்டறையை அவன்தான் பார்க்கிறான். முதலில் இரண்டு பலகை செய்து காட்டு, அவளுக்குப் பிடித்தால் முழுக்கப் போடலாம் என்றேன். அவன் வேலையை ஆரம்பிக்கிறபோது ஒரு விஷயம் சொன்னேன். வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி இருக்கணும், நல்லா இழைத்து வார்னிஷ் போடு என்று. அவன் வாயைத் திறந்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். மூன்று கோட்டு அடித்தான். பலகை தேன் மாதிரி ஜொலித்தது.

நிலைவாசலில் போட்டோம். செபஸ்தியம்மாள் குனிந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றவே இல்லை.

"இதுலயும் மொகம் தெரியுது" என்றாள்.

ஈஸ்டருக்குப் பதினோரு நாள் இருந்தது. வார்னிஷைச் சுரண்டலாமா என்று ராக்கையாவைக் கேட்டேன். சுரண்டலாம், ஆனால் அந்த மரம் மெது, நாலு மாதம் ஆள் நடந்தால் தானாகவே வழவழப்பாகிவிடும் என்றான். மறுபடி கஞ்சி, மறுபடி இடுப்பு. அவன் கருவிகளைக் கட்டிக்கொண்டு போனான். நான் லாரி ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். செபஸ்தியம்மாள் அலமாரியிலிருந்து தன் சேலைகளை எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதற்கு மடிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கோடை மழை அடித்தது. காற்றில் ஷெட்டுத் தகரம் ஒன்று தூக்கிக்கொண்டு, தண்ணீர் லாரிக்குள் கொட்டியது. தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஏறினேன். எனக்கு எழுபத்தொரு வயசு. செருப்பைக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடு, பழைய பழக்கத்தில், பின்கதவைப் பிடித்து ஒரே எம்பில் ஏறினேன். தளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்து நாலு கயிற்றையும் கட்டினேன். கட்டி முடித்து நின்றபோதுதான் என் காலைப் பார்த்தேன்.

இருபத்திரண்டு வருஷம் மூட்டையும் டிரம்மும் இழுத்து இழுத்து அந்த வேங்கைப் பலகையில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. மரத்தின் நரம்பு மட்டும் மேலே நின்றது. அழுகின வாழைப்பழமும் நசுங்கின திராட்சையும் கிடந்த காலத்திலேயே அதன்மேல் ஒரு லோடுமேன்கூட வழுக்கினதில்லை. மழையில் ஊறி வெயிலில் காய்ந்து, இனி வளைவதற்கும் உப்புவதற்கும் அதில் ஒன்றும் மிச்சமில்லை. கடைக்குக் கடை நான் தேடிக்கொண்டிருந்த மரத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு பைசா செலவில்லை.

உடனே இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு நாள் சொல்லவில்லை. அந்த லாரி இல்லாவிட்டால் நான் யார் என்று யோசித்தேன். பலகையை எடுத்துவிட்டால் அது வெறும் கூடு. வருகிறவர்களிடம் எதைக் காட்டுவது. மூன்றாம் நாள் காலையில் சோறு வடித்துவிட்டு அவளுக்குத் தட்டைக் கொடுத்தேன். வழக்கம்போலப் பாதியை வைத்தாள். ஒரு கரண்டி கஞ்சியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். லாரித் தளத்தில் ஊற்றி, ஏறி நின்று, ஒற்றைக் காலில் அழுத்தினேன். நகரவில்லை. திரும்பினால் அவள் வாக்கரோடு பின்வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"நீங்க கடைக்குப் பொறப்பட்ட அன்னைக்கே தெரியும்."

"சொல்றதுக்கு என்ன?"

"நான் எப்படிக் கேக்குறது? ஒங்க லாரியாச்சே. நீங்களா ஏறுவீகன்னு இருந்தேன்" என்றாள்.

ராக்கையாவுக்குப் போன் போட்டேன். அவன் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு லாரியைச் சுற்றி ஒரு தடவை நடந்தான்.

"மொதலாளி, இத வேற யாராச்சும் சொல்லிருந்தா அடிச்சிருப்பீக."

"ஏலே, ஸ்பானர எடு."

முதல் போல்ட்டை நானே கழற்றினேன். துரு ஏறி இறுகியிருந்தது. ராக்கையா மண்ணெண்ணெய் விடலாம் என்றான். வேண்டாம் என்று கையாலேயே திருப்பினேன். அடுத்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டோம்.

தரை எப்படி அமைந்தது என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் யோசனை என்னுடையது. டைல்ஸை உடைக்கவில்லை. பலகைகளின் அடியில் ரீப்பர் சட்டம் அடித்து, பெரிய பெரிய தட்டிகளாக ஆறு தட்டி செய்து, டைல்ஸ் மேல் நெருக்கி வைத்தோம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய சந்து. எது சிந்தினாலும் சந்து வழியாக இறங்கி டைல்ஸில் ஓடி ஜலதாரைக்குப் போய்விடும். வாக்கரின் கால் சந்தில் மாட்டாது, அளந்துதான் விட்டோம். சனிக்கிழமை நான் தட்டிகளைத் தூக்கி வெளியே சாய்த்துவிட்டால், டைல்ஸை வாளி வாளியாக ஊற்றிக் கழுவலாம். பழைய போல்ட் ஓட்டைகளுக்கு ராக்கையா மரமுளை அடித்தான். நிலைவாசலில் வாக்கர் ஏறுவதற்குச் சரிவாக ஒரு பலகை. இழைக்கவில்லை, வார்னிஷ் இல்லை. இந்தத் தடவை அவனே கேட்டான், போடவா என்று. அவன் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில் இவாஞ்சலின் வந்தாள். கையில் ஒரு பை, தோளில் ஒரு பை. தோளில் இருந்தது பெரியது, காலியாக இருந்தது. அம்மாவின் சேலைகளுக்கு. அடுப்படியைப் பார்த்ததும், "அப்பா, லாரிய வீட்டுக்குள்ள ஏத்திட்டீகளா?" என்றாள். அவள் அந்தத் தளத்தில் விளையாடி வளர்ந்தவள், பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் கஞ்சிப் பரீட்சையை விளக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். அம்மா சமைக்கட்டும், நான் பார்க்கிறேன், நீங்கள் பேசக் கூடாது என்றாள். டீச்சர் வேலை அவளை அப்படி ஆக்கியிருக்கிறது.

செபஸ்தியம்மாள் நிலைவாசலில் செருப்பைக் கழற்றினாள். சரிவில் வாக்கரை ஏற்றினாள். பலகையில் வலது காலை வைத்து, விரல்களை விரித்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் இடது கால். மேடைக்குப் போய் அரிசி களைந்தாள். உலை வைத்தாள். மேடை அவளுக்கு எப்போதுமே உயரம். நான் என் உயரத்துக்குக் கட்டச் சொன்னது. இப்போது தரை இரண்டு அங்குலம் ஏறியதில் பானைக்குள் எட்டிப் பார்க்க முடிந்தது. இத்தனை வருஷமாக அவள் சத்தத்தை வைத்துத்தான் கொதி பார்த்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சோறு வெந்தது. வடிக்க வேண்டும். நான் எழுந்தேன், இவாஞ்சலின் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். செபஸ்தியம்மாள் வாக்கரை விட்டாள். மேடையில் இடுப்பைச் சாய்த்து, துணியால் பானையைப் பிடித்து, சட்டிக்கு மேல் சாய்த்தாள். முழுக்க வடித்தாள். பிறகு ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து, தன் காலடியில், தான் விழுந்த அதே இடத்தில், வேண்டுமென்றே ஊற்றினாள். அதன் மேல் இரண்டு காலையும் வைத்து நின்று மகளைப் பார்த்தாள்.

கஞ்சி சந்து வழியாக இறங்கிப் போயிற்று. அவள் நின்றாள்.

இவாஞ்சலின் எழுந்து, தானும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், "கொழம்புக்கு என்னம்மா வைக்கப் போற?" என்று கேட்டாள்.

அன்றைக்குச் செபஸ்தியம்மாள் தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. மூன்று மாதம் அவளுக்குப் பசி இல்லை என்று நினைத்திருந்தேன். நான் சமைத்ததைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து இவாஞ்சலின் ஊருக்குப் புறப்பட்டாள். அந்தக் காலிப் பையை அவள் அம்மா நிரப்பியிருந்தாள். முருங்கைக்காய், தேங்காய் எட்டு, ஒரு சீப்பு வாழைக்காய், திராட்சை ஒரு பெட்டி. சேலைகள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன. பை நல்ல கனம். ஆட்டோ கூப்பிடலாம் என்று மகள் சொன்னாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் நான்தான் தூக்கினேன், தோள் மாற்றாமல்.